உஷார்! தூரத்துப் பச்சையில் ஓடப் போகிறீர்களா?

"மாமா, அக்டோபர்ல டஸ்கனி போறேன். பத்து நாள். ஷூ எடுத்துட்டுப் போறேன். தினமும் காலையில பதினஞ்சு கிலோமீட்டர். ஆப்ல ரூட் எல்லாம் போட்டு வெச்சாச்சு."

ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கும் அக்கா மகன் போனில் குதூகலமாகச் சொன்னான். நான் என் வலது முழங்கால் தழும்பைத் தடவிக்கொண்டேன்.

"எந்தெந்தக் கிழமை ஓடப் போறே?"

"ஓடறதுக்கு யாராவது கிழமை பார்ப்பாங்களா மாமா?"

பார்க்க வேண்டும். இத்தாலியின் குன்றுப் புறத்தில் கிழமை பார்க்காமல் ஓடினால் என்ன ஆகும் என்று அவனுக்கு அரை மணி நேரம் சொன்னேன். அவனைப் போல ஷூவை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

டஸ்கனியில் சியன்னா நகருக்குத் தெற்கே வால் தோர்ச்சா என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. 2004-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த நிலம். அலை அலையாகக் குன்றுகள், உச்சியில் ஒற்றை வீடு, அதற்குப் போகும் வளைந்த வெள்ளைச் சாலை, இருபுறமும் ஊசி ஊசியாக சைப்ரஸ் மரங்கள். காலண்டரில் பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்தில் ஒரு மனிதன்கூட இருக்கமாட்டான். அங்கேதான் ஏமாற்று வேலை. அந்தக் குன்றில் ஒருவர் ஆடு மேய்க்கிறார், ஒருவர் பன்றி சுடுகிறார், ஒருவர் திராட்சைக்கு மின்வேலி போடுகிறார், ஒருவர் வேலைக்கு நேரமாகிவிட்டதென்று காரில் பறக்கிறார். பலர் பிழைப்பு நடத்தும் இடத்துக்குள் டிராயரும் பனியனுமாக நீங்கள் நுழைகிறீர்கள். தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி. கிட்டே போனால்தான் சங்கதி தெரியும்.

மேடு மூச்சை வாங்கும், இறக்கம் ஆளைக் கவிழ்க்கும்

பதினைந்து கிலோமீட்டர் என்கிறான் பையன். எந்தப் பதினைந்து? மெரினாவில் ஓடும் பதினைந்தா?

ஊர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பாருங்கள். பியென்ஸா 491 மீட்டர் உயரத்தில், மோன்தேபுல்சியானோ 605 மீட்டரில், ராதிகோஃபானி ஏறத்தாழ 800 மீட்டரில். எதிரிக்குப் பயந்து உச்சியில் கட்டிய ஊர்கள். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு ஓடினால் முதலில் பள்ளத்தில் இறங்க வேண்டும், பிறகு அத்தனையையும் திரும்ப ஏற வேண்டும். கால் சோர்ந்த கடைசி இரண்டு கிலோமீட்டரில்தான் செங்குத்து வரும். காபிக் கடை எப்போதும் உச்சியில்தான் இருக்கும்.

இத்தாலிய உடலியல் ஆய்வாளர் ஆல்பர்தோ மினெத்தியும் குழுவினரும் மலை ஓட்டக்காரர்களைச் சரிவான டிரெட்மில்லில் ஓடவிட்டு அளந்து 2002-ல் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. 10 சதவீத ஏற்றத்தில், அதாவது ஒரு கிலோமீட்டருக்கு 100 மீட்டர் ஏறும் சாலையில், சமதளத்தைப் போல ஒன்றரை மடங்குக்கும் அதிகமான சக்தி செலவாகிறது. இறங்கும்போதோ செலவு குறைந்துகொண்டே போகிறது; சுமார் 20 சதவீத இறக்கத்தில்தான் அது மிகக் குறைவு.

இந்த இரண்டாவது கணக்கைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும். இறக்கத்தில் மூச்சு வாங்காது, எனவே வேகம் கூடும். ஆனால் ஒவ்வொரு அடிக்கும் உடம்பைப் பிரேக் போட்டு நிறுத்துவது தொடைத்தசை. இழுபட்டுக்கொண்டே தாங்கும் அந்தத் தசையில் நுண்ணிய கிழிசல்கள் விழும். வலி அன்று தெரியாது. மறுநாளோ மூன்றாம் நாளோ, படி இறங்கும்போது கைப்பிடியைத் தேடுவீர்கள். பத்து நாள் பயணத்தில் முதல் நாளே இறக்கத்தில் பறந்தவர்கள் மிச்ச நாட்களில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள்.

இதில் 'ஸ்த்ராதே பியான்கே' என்ற வெள்ளைச் சரளைச் சாலைகள் வேறு. இவற்றைத் தார் போட்டு மூடிவிடாமல் காப்பாற்றத்தான் கியான்டிப் பகுதியின் காயோலே ஊரில் 1997-ல் 'லெரோய்கா' என்ற பழைய சைக்கிள் ஓட்டத்தைத் தொடங்கினார்கள். அழகான சாலைதான். ஆனால் அடியில் இறுகிப்போன தரை, மேலே உருளும் பொடிக்கல். சிமென்ட் தரையில் கேழ்வரகைக் கொட்டி அதன்மேல் ஓடச் சொன்ன மாதிரி. என் முழங்கால் தழும்பு அப்படி ஒரு வளைவில் கிடைத்தது. பள்ளத்தாக்கில் கிடந்த மூடுபனியைப் பார்த்துக்கொண்டே திரும்பினேன். ஷூ என்னோடு திரும்பவில்லை. காயத்திலிருந்து பொடிக்கல்லை ஒவ்வொன்றாக எடுக்க அரை மணி நேரம் ஆயிற்று.

இறக்கத்தில் அடியைக் குறுக்குங்கள். காட்சி பார்க்க வேண்டுமா, நின்று பாருங்கள். செங்குத்து ஏற்றத்தில் நடங்கள். மானம் ஒன்றும் போய்விடாது.

எழுந்து நின்ற வெள்ளைப் பாறை

அதே பயணத்தில் இன்னொரு காலை. மேய்ச்சல் நிலத்தின் ஓரமாக மண்பாதை. ஆட்டு மணிச் சத்தம் எங்கோ கேட்கிறது. புல்லில் அங்கங்கே வெள்ளைப் பாறைகள். ஓடிக்கொண்டே பார்க்கிறேன், ஒரு பாறை எழுந்து நின்றது. பிறகு இன்னொன்று. மூன்றாவது பாறை குரைத்தது.

'மாரெம்மானோ' என்று அழைக்கப்படும் காவல் நாய்கள். வெள்ளை ரோமம், ஆண் நாய் 35 முதல் 45 கிலோ. குட்டியிலேயே ஆட்டுக் கிடையில் விட்டு வளர்ப்பார்கள். ஆடுகளைத்தான் தன் குடும்பம் என்று நினைக்கும். மந்தையை நோக்கி வேகமாக வரும் எதுவும் அதற்கு எதிரி. காலை ஏழு மணிக்கு, பச்சை பனியனில், மூச்சிரைக்க வருகிற எதுவும்.

நான் செய்யக்கூடாத காரியத்தைச் செய்தேன். திரும்பி ஓடினேன். பின்னால் குரைப்பு நெருங்கியது. எங்கிருந்தோ ஒரு சீட்டி, பிறகு ஓர் ஆள் கத்துகிற சத்தம். அதில் எனக்குப் புரிந்தது ஒரே சொல்: "ஃபெர்மோ!" நில்! நின்றேன். கால் நடுங்க, நாய்களுக்குப் பக்கவாட்டைக் காட்டிக்கொண்டு நின்றேன். பத்தடி தூரத்தில் அவையும் நின்றன. பெரியவர் வந்து சேர்ந்து, நாய்களை அதட்டாமல் என்னைத்தான் அதட்டினார். நியாயம்தான். அவருடைய அலுவலகத்துக்குள் சொல்லாமல் நுழைந்தவன் நான்.

இந்த நாய்கள் இப்போது அதிகம் தேவைப்படுவதற்குக் காரணம் ஓநாய். ஏறக்குறைய அழிந்துபோன ஓநாயைச் சுட 1971-ல் இத்தாலி தடை போட்டது. இப்போது அது நாட்டின் மலைத்தொடர்கள் நெடுகத் திரும்பி வந்துவிட்டது. 2020-21 கணக்கெடுப்பின்படி நாடு முழுக்கச் சுமார் 3,300 ஓநாய்கள். ஓநாய் மனிதரைக் கண்டால் ஒதுங்கிவிடும். அதற்காக வைத்த நாய் ஒதுங்காது.

நினைவில் வையுங்கள். மணிச் சத்தமோ மந்தையோ தெரிந்ததும் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள். மந்தைக்கும் நாய்க்கும் நடுவே போகாதீர்கள். நாய் வந்தால் நில்லுங்கள். கண்ணை நேராகப் பார்க்காதீர்கள், கல்லை எடுக்காதீர்கள், குச்சியை ஓங்காதீர்கள். நிதானமான குரலில் ஏதாவது பேசுங்கள், தமிழிலேயே பேசலாம். முதுகைக் காட்டாமல் மெல்லப் பின்வாங்கி, பெரிய சுற்றாகச் சுற்றிப் போங்கள். சுற்ற வழியில்லையென்றால் வந்த வழியே திரும்புங்கள். ஆப்பில் ரூட் முழுமையாகாது, உடம்பு முழுமையாக இருக்கும்.

துப்பாக்கிக்கு விடுமுறை எப்போது?

கிழமை விஷயத்துக்கு வருகிறேன். உஷார் என்றால் இதற்குத்தான் முதல் உஷார்.

1992-ம் ஆண்டின் 157-ம் எண் சட்டப்படி இத்தாலியில் வேட்டைக் காலம் பொதுவாக செப்டம்பர் மூன்றாவது ஞாயிறு முதல் ஜனவரி 31 வரை. வெயில் தணிந்து, திராட்சை இலை சிவந்து, ஓடுவதற்கு இதைவிட நல்ல பருவம் இல்லை என்று நீங்கள் டிக்கெட் போடுகிற அதே மாதங்கள். நிலம் தனியாருடையது என்பதால் வேட்டைக்காரர் வரமாட்டார் என்றும் நினைக்காதீர்கள். சட்டப்படி முறையாக அடைத்து வைக்காத நிலத்துக்குள் வேட்டைக்காரர் நுழைவதை நில உரிமையாளர்கூடத் தடுக்க முடியாது. 1942 முதல் உள்ள சிவில் சட்டத்தின் 842-வது பிரிவு அப்படிச் சொல்கிறது.

காட்டுப்பன்றி வேட்டை எப்படி நடக்கும் தெரியுமா? புதர்க்காட்டின் ஒரு பக்கத்திலிருந்து நாய்களை விட்டுப் பன்றியைக் கலைப்பார்கள். மறுபக்கம் துப்பாக்கிகளோடு வரிசையாக ஆட்கள் காத்திருப்பார்கள். சருகு நொறுங்க, கிளை ஒடிய, வேகமாக ஏதோ வருகிறது. அது பன்றியாகவும் இருக்கலாம். காதில் இளையராஜாவை மாட்டிக்கொண்டு, பழுப்பு நிற டி-ஷர்ட்டில் வருகிற நீங்களாகவும் இருக்கலாம்.

தப்பிக்க வழி அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் நாடு முழுக்க வேட்டைக்கு ஓய்வு. நம் வீடுகளில் செவ்வாய், வெள்ளி கவிச்சி கிடையாது என்பார்களே, கிட்டத்தட்ட அதே ஏற்பாடு! காட்டுப் பாதை, புதர்ப் பாதை எல்லாவற்றையும் அந்த இரண்டு நாளுக்கு ஒதுக்குங்கள். ஞாயிற்றுக்கிழமை காட்டுப் பக்கமே வேண்டாம். வேட்டைக்காரர்களுக்கும் அன்றுதான் லீவு.

அப்போதும் நூற்றுக்கு நூறு நிம்மதி கிடையாது. பெருகிவிட்ட பன்றிகளைக் குறைக்க அரசு அனுமதிக்கும் சுடுதல் ஓய்வு நாளிலும் நடக்கலாம். அதனால் எந்தக் கிழமையானாலும் பளிச்சென்ற ஆரஞ்சு நிற மேலாடை போடுங்கள். பாதை முகப்பில் 'பத்தூத்தா', 'சிங்யாலே' என்ற சொற்கள் எழுதிய பலகையைப் பார்த்தால் மேற்கொண்டு யோசிக்காமல் திரும்புங்கள். முதல் சொல்லுக்குக் கலைத்து வேட்டையாடுதல் என்று பொருள், இரண்டாவதற்குக் காட்டுப்பன்றி. ஏற்கெனவே உள்ளே மாட்டிக்கொண்டீர்களா? ஒளியாதீர்கள், பதுங்காதீர்கள். உரக்கக் குரல் கொடுத்துக்கொண்டே பாதையோடு வெளியே வாருங்கள்.

சரி, தார்ச்சாலையிலேயே ஓடிவிட்டால்?

அங்கே கார் இருக்கிறது. ஃபிளாரன்ஸையும் சியன்னாவையும் கியான்டி வழியாக இணைக்கும் 222-ம் எண் சாலையைப் போல, பெரும்பாலான குன்றுச் சாலைகளில் நடைபாதை கிடையாது. வெள்ளைக் கோட்டுக்கு அடுத்த அங்குலம் வாய்க்கால் அல்லது கல்சுவர். ஊருக்கு வெளியே இத்தகைய சாலைகளில் பொதுவான வேக வரம்பு மணிக்கு 90 கிலோமீட்டர். வார இறுதியில் மோட்டார் சைக்கிள் கூட்டம் வளைவுகளைத் தேடி வரும்.

அங்கே வண்டிகள் வலப்பக்கம் போகும். நம் ஊர் பழக்கம் செல்லாது. ஊருக்கு வெளியே இருவழிச் சாலையில் நடப்பவர் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, அதாவது இடது ஓரமாகப் போக வேண்டும் என்பது சட்டம். இடப்பக்கம் திரும்பும் குருட்டு வளைவில் சுவரோடு ஒட்டி ஓடினால் எதிரே வருபவருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். வளைவுக்கு முன்பே இருபுறமும் பார்த்துவிட்டு வெளிப்பக்கத்துக்கு மாறுங்கள், வளைவு முடிந்ததும் திரும்புங்கள். அதிகாலைச் சூரியனுக்கு முதுகைக் காட்டி ஓடுகிறீர்களா? எதிரே வரும் டிரைவரின் கண்ணில் வெயில். அவருக்கு நீங்கள் வெறும் நிழல்.

மழை பெய்ததா? களிமண்ணை நம்பாதீர்கள்

சியன்னாவுக்குத் தென்கிழக்கே உள்ள 'க்ரேத்தே செனேசி' நிலம் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த களிமண். காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் அப்பிக்கொள்ளும். ஒரு மழைக்குப் பின் அந்த மண்பாதையில் இருநூறு மீட்டர் ஓடிப் பாருங்கள். ஒவ்வொரு ஷூவிலும் ஒரு தோசைக்கல் ஒட்டிக்கொள்ளும். குச்சியால் சுரண்டுவீர்கள், பத்தடியில் மறுபடி ஒட்டும்.

அதைவிட ஆபத்து ஓடை. பாலம் இல்லாமல் பாதை ஓடைக்குள் இறங்கி ஏறும் இடங்கள் நிறைய. கோடையில் கணுக்கால் நனையாது. இலையுதிர் கால மழையில் அதே ஓடை ஆளை இழுக்கும். 2023 மே மாதம் பக்கத்து மாநிலமான எமிலியா-ரோமாஞ்ஞாவில் பெய்த மழையில் குன்றுப் பகுதிகளில் ஆயிரக்கணக்கான மண்சரிவுகள். அதே ஆண்டு நவம்பர் தொடக்கத்தில் டஸ்கனியிலேயே வெள்ளம். உங்கள் ஆப்பில் இருக்கும் ரூட் அந்த மழைகளுக்கு முன் யாரோ ஓடிய தடமாக இருக்கலாம். அந்தப் பாதை இன்று அங்கே இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

வானிலை எச்சரிக்கையை அங்கே நிறத்தால் சொல்வார்கள்: மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. மஞ்சள் என்றால் ஓடை குறுக்கிடும் பாதை வேண்டாம். அதற்கு மேல் போனால் ஷூவைக் கழற்றிவிட்டு ஜன்னல் ஓரம் உட்காருங்கள்.

குழாயில் வருவதெல்லாம் குடிநீர் அல்ல

கோடையில் போகிறவர்களுக்கு வேறு கதை. 990-ம் ஆண்டு வாக்கில் கேன்டர்பரி ஆர்ச்பிஷப் சிகெரிக் ரோமிலிருந்து திரும்பிய வழி இன்று 'வியா ஃபிரான்சிஜெனா' என்ற யாத்திரைப் பாதை. அதில் சான் குயிரிகோவிலிருந்து ராதிகோஃபானி வரையிலான பகுதி 30 கிலோமீட்டருக்கும் மேல். நிழல் அபூர்வம், கடைகள் அபூர்வம், முடிவில் மூச்சு முட்டும் ஏற்றம். 13-ம் நூற்றாண்டில் கீனோ தி தாக்கோ என்ற கொள்ளைக்காரன் ராதிகோஃபானிக் கோட்டையைப் பிடித்து வைத்துக்கொண்டு வழிப்போக்கர்களிடம் பறித்தான். இப்போது அந்த வேலையை ஜூலை வெயில் பார்த்துக்கொள்கிறது. சைப்ரஸ் நிழலை நம்பாதீர்கள். உச்சி வேளையில் அது ஒரு துண்டு அகலம்கூட இருக்காது.

ஜூன் இறுதியில் அங்கே காலை ஐந்தரை மணிக்கே சூரியன் வந்துவிடும். எட்டுக்குள் வீடு திரும்புங்கள். வழியில் குழாய் கண்டால் பலகையைப் படியுங்கள். 'பொதாபிலே' என்றால் குடிக்கலாம். அதற்கு முன்னால் 'நோன்' இருந்தால் தொடாதீர்கள். அந்த மூன்றெழுத்தைத் தவறவிட்டால் மீதிப் பயணம் குளியலறையில். சிற்றூர்க் கடைகள் மதியம் ஒரு மணி வாக்கில் மூடி நாலு மணி வாக்கில்தான் திறக்கும். ஆகஸ்ட் 15-ல் ஊரே விடுமுறை. தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள்.

சின்னது, பெரியது

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பைன் மரத்தடியில் கம்பளிப்பூச்சிகள் ரயில் பெட்டி போல ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து போவதைப் பார்த்தால் குனிந்து படம் எடுக்காதீர்கள். அவற்றின் முடி பட்டால் தோலும் கண்ணும் எரியும். உயர்ந்த புல்லில் உண்ணி இருக்கும். குளிக்கும்போது முழங்காலின் பின்புறத்தையும் இடுப்பையும் தடவிப் பாருங்கள். வெயில் காயும் கல்சுவரில் விரியன் படுத்திருக்கலாம். பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

வடக்கே ட்ரென்டினோ மலைப்பக்கம் ஓடப் போகிறவர்களுக்குக் கரடி உண்டு. 2023 ஏப்ரலில் கால்டெஸ் ஊருக்கு மேலே காட்டில் ஓடப்போன 26 வயது இளைஞர் கரடி தாக்கி இறந்தார். அங்கே தனியாக, விடியலிலும் அந்தியிலும், ஓசையில்லாமல் ஓடுவதைத் தவிருங்கள். டஸ்கனியில் அந்தப் பயம் இல்லை.

போட்டி ஓட்டத்தில் கலந்துகொள்ளும் எண்ணமா? போட்டி விளையாட்டுக்கு மருத்துவச் சான்றிதழ் வேண்டும் என்பது இத்தாலியில் 1982 முதல் விதி. இதயப் பரிசோதனையும் அதில் அடக்கம். பணம் கட்டுவதற்கு முன் அந்தப் போட்டியின் விதியைப் படியுங்கள். கடைசி நாளில் டாக்டரைத் தேடி அலைய முடியாது.

கதவைச் சாத்தும் முன்

- தங்கும் வீட்டின் உரிமையாளரிடம் ரூட்டைக் காட்டுங்கள். "இன்று வேட்டையா, ஆடு எந்தப் பக்கம், ஓடையில் தண்ணீரா?" என்று மூன்றே கேள்வி. எந்த ஆப்புக்கும் தெரியாத பதில் அவரிடம் இருக்கும்.
- போகும் வழி, திரும்பும் நேரம் இரண்டையும் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.
- அவசர எண் 112. இருக்கும் இடத்தை அவர்களுக்குக் காட்டும் 'வேர் ஆர் யூ' என்ற இலவச ஆப்பை முதல் நாளே போட்டுவிடுங்கள். பள்ளத்தில் சிக்னல் போகும்; மேட்டுக்கு ஏறினால் கிடைக்கலாம்.
- மேப்பை ஆஃப்லைனில் இறக்கி வையுங்கள். சிவப்பு-வெள்ளைக் கோடு போட்டிருந்தால் அது குறியிட்ட பாதை. கைகாட்டியில் இருக்கும் எண் பெரும்பாலும் கிலோமீட்டர் அல்ல, நடக்கும் நேரம்.
- மூடிய கேட்டைத் திறந்தால் மூடிவிட்டுப் போங்கள். தோட்ட ஓரக் கம்பியைத் தொடாதீர்கள். பன்றிக்கு வைத்த மின்சாரம் அதில் ஓடலாம்.
- ஒரு காதிலாவது இயர்போன் வேண்டாம். முடிந்தால் இரண்டிலும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பையன், "இவ்வளவு பயந்துக்கிட்டு எதுக்கு மாமா ஓடணும்?" என்றான். நியாயமான கேள்வி. பயப்படச் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டு போகச் சொல்கிறேன் என்றேன். என்னை அதட்டிய அந்தப் பெரியவர் பிறகு தன் பையிலிருந்து ஆட்டுப்பால் சீஸ் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். நாய்கள் அவர் காலடியில் மறுபடி பாறைகளாகிப் படுத்துக்கொண்டன. நின்றதால் கிடைத்த சீஸ் அது.

போன வாரம் அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. வீட்டு வாசலில் ஆரஞ்சு ஜாக்கெட்டில் நிற்கும் படம், கீழே ஒரே வரி: "மாமா, இன்னிக்கு ஞாயிறு. கோயிலைச் சுத்தி நடக்க மட்டும் போறேன். நாளன்னிக்குச் செவ்வாய். ஓடறேன்."